கிளைத்த பாலிமர் கலவையில் மென்படலம்: செய்வதும் அளப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நட்சத்திர வடிவ பாலிமரையும் நேர்ச்சங்கிலி பாலிமரையும் கலந்து, சிலிக்கான் வேஃபர் மேல் 100 நானோமீட்டர் தடிமனில் ஒரு படலம் போட வேண்டும். பிறகு அந்தப் படலத்துக்குள் எது எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீனில் இருக்கும்; அதில்தான் அதிக அளவீடுகள் நடந்திருக்கின்றன, கைக்கும் அடங்கும் பொருள்.

கிளைத்த பாலிமர் என்றால் சரியாக என்ன?

சங்கிலி ஒரே நூலாக ஓடாமல் வழியில் பிரிந்தால் அது கிளைத்த பாலிமர். ஒரே மையத்திலிருந்து பல கைகள் கிளம்பினால் நட்சத்திரம். நீளமான ஒரு முதுகெலும்பிலிருந்து கிளைகள் தொங்கினால் சீப்பு. அந்தக் கிளைகள் நெருக்கியடித்து நின்றால் பாட்டில் கழுவும் பிரஷ் போல ஆகிவிடும், பெயரும் அதுவேதான். ஒவ்வொரு கிளையும் இரண்டாகப் பிரிந்து, அதுவும் பிரிந்து, அடுக்கடுக்காக ஒழுங்காக வளர்ந்தால் டெண்ட்ரிமர். அதே பிரிதல் ஒரே குடுவைக்குள் ஒழுங்கில்லாமல் நடந்தால் மீக்கிளைத்த பாலிமர்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. 1933-ல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. ஆய்வகத்தில் உயர் அழுத்தச் சோதனையின்போது தற்செயலாகக் கிடைத்த பாலிஎத்திலீனே கிளைத்ததுதான். கிளைகள் குறுக்கே நிற்பதால் சங்கிலிகள் நெருங்கி அடுக்கிக்கொள்ள முடிவதில்லை. அதனால் அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.92 கிராமை ஒட்டி நிற்கிறது. கிளை குறைந்த பாலிஎத்திலீன் 0.95-ஐ ஒட்டி வரும்.

படலம் போடுகிறவருக்கு முக்கியமான செய்தி வேறு: ஒரே நிறை இருந்தாலும் கிளைத்த மூலக்கூறு உடலைச் சுருக்கிக்கொண்டு சின்னதாக இருக்கும். எவ்வளவு சின்னது என்று சிம், ஸ்டாக்மேயர் இருவரும் 1949-ல் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். கைகளின் எண்ணிக்கையை 3-ஆல் பெருக்கி 2-ஐக் கழித்து, எண்ணிக்கையின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 4 கை நட்சத்திரத்துக்கு 10/16, அதாவது 0.625. 8 கைக்கு 22/64, சுமார் 0.34. அதே நிறையுள்ள நேர்ச்சங்கிலியின் சுழல் ஆரத்தின் (மூலக்கூறு எவ்வளவு பரந்து கிடக்கிறது என்பதன் அளவு) வர்க்கத்தோடு ஒப்பிட்ட விகிதம் இது.

எதற்காகக் கலக்க வேண்டும்? கிளைத்ததை மட்டும் போட்டால் போதாதா?

போடலாம், ஆனால் பெரும்பாலும் உடையும். பாலிமருக்கு உறுதி தருவது சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வது. பாலிஸ்டைரீனில் இரண்டு பின்னல்களுக்கு நடுவே சுமார் 17,000 முதல் 18,000 வரை மூலக்கூறு நிறை வேண்டும். நட்சத்திரத்தின் கை அதைவிடக் குட்டையாக இருந்தால் பின்னவே முடியாது. அந்தப் படலத்தை அனீல் செய்து (இளகும் அளவுக்குச் சூட்டில் வைத்து) ஆறவிடும்போது, வேஃபரைவிட வேகமாகச் சுருங்கி, உலர்ந்த ஏரிமண் போல வெடித்துவிடும். நேர்ச்சங்கிலியோடு கலந்தால் அது உடம்பைப் பிடித்துக்கொள்ளும். கிளைத்தது பாகுநிலையைக் குறைக்கும், மேற்பரப்பின் குணத்தை மாற்றும். கொஞ்சம் கிளைத்ததைச் சேர்த்து மேற்பரப்பை மட்டும் மாற்ற முடியும் என்பதுதான் இந்தத் துறையின் ஈர்ப்பே.

இரண்டுமே பாலிஸ்டைரீன்தானே, நன்றாகக் கலந்துவிடாதா?

பெரும்பாலும் கலந்துவிடும். ஆனால் காரணத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், வேறு சோடியை எடுக்கும்போது உதவும்.

சிறு மூலக்கூறுகள் கலப்பதற்கு ஒழுங்கின்மை பெரிதும் துணை நிற்கிறது. பாலிமரில் ஆயிரம் அலகுகள் ஒரே சங்கிலியில் கோத்திருப்பதால் அந்தத் துணை ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. ஃப்ளோரியும் ஹக்கின்ஸும் 1940-களின் தொடக்கத்தில் தனித்தனியே எழுதிய கோட்பாடு இதைத்தான் சொல்கிறது. இரண்டு பாலிமரும் ஒரே நீளமாக இருந்தால், இடைவினை எண்ணையும் (இரண்டும் ஒன்றை ஒன்று எவ்வளவு வெறுக்கின்றன என்பதன் அளவு) சங்கிலியின் அலகு எண்ணிக்கையையும் பெருக்கி வரும் தொகை 2-ஐத் தாண்டும்போது கலவை பிரியத் தொடங்கலாம். 1,000 அலகுச் சங்கிலிக்கு இடைவினை எண் 0.002 இருந்தாலே போதும். அவ்வளவு சின்ன வெறுப்பு போதும் பிரிவதற்கு.

ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் (ஹைட்ரஜனின் கனமான ஐசோடோப்பு) போட்ட பாலிஸ்டைரீனுக்கும் சாதாரண பாலிஸ்டைரீனுக்கும் இடையே இந்த எண் 0.0002 என்ற அளவில் இருக்கிறது. ஆகவே சங்கிலி 10,000 அலகுகளை எட்டினால் இந்த இரண்டும்கூட ஒத்துப்போகாது. நியூட்ரான் அளவீட்டுக்காக டியூட்டீரியம் போடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

அப்படியானால் படலத்தின் மேற்பரப்பிலும் நான் போட்ட விகிதம்தான் இருக்குமா?

இருக்காது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

20 பங்கு நட்சத்திரம், 80 பங்கு நேர்ச்சங்கிலி என்று போட்டீர்கள். உள்ளே சராசரி 20 இருக்கும். மேலே இருக்கும் சில நானோமீட்டரில் அது பல மடங்காக இருக்கலாம். இரண்டின் வேதியியலும் ஒன்றாக இருந்தாலும் இது நடக்கும், வெறும் வடிவத்தால்.

ஏன் என்று பார்ப்போம். காற்றை ஒட்டிய இடத்தில் சங்கிலியின் நடுப்பகுதி வந்தால் அது சுவரில் மோதித் திரும்புவது போல மடங்க வேண்டும்; அதனால் அது எடுக்கக்கூடிய வடிவங்கள் குறைகின்றன. சங்கிலியின் நுனி வந்தால் அந்த இழப்பு குறைவு. ஆகவே நுனிகளுக்கு மேற்பரப்பு பிடிக்கும். நேர்ச்சங்கிலிக்கு இரண்டே நுனி. 8 கை நட்சத்திரத்துக்கு எட்டு. கைகள் சேரும் மையம் மேற்பரப்பை விட்டு விலகத்தான் பார்க்கும், ஆனால் அது ஒன்றுதான். எட்டு நுனிகளின் இழுப்பு அதை வென்றுவிடுகிறது.

இதோடு நுனியின் வேதியியலும் சேர்ந்துகொள்ளும். எதிர்மின் அயனி முறையில் பாலிஸ்டைரீன் செய்யும்போது தொடக்கியாகப் போட்ட பியூட்டைல் லித்தியத்தின் பியூட்டைல் துண்டு சங்கிலியின் ஒரு நுனியிலேயே தங்கிவிடும். அதன் மேற்பரப்பு ஆற்றல் ஸ்டைரீனைவிடக் குறைவு. அதுவும் மேலே வரத்தான் முயலும். நட்சத்திரத்தில் அப்படிப்பட்ட நுனிகள் அதிகம்.

அப்புறம் நீளம். ஒரே வடிவத்தில் நீளச் சங்கிலியும் குட்டைச் சங்கிலியும் கலந்திருந்தால் குட்டையானது மேலே சேரும். நீளமானதைவிட அது இழப்பது குறைவு. ஆகவே உங்கள் நட்சத்திரத்தின் மொத்த நிறை நேர்ச்சங்கிலியின் நிறையைவிடக் குறைவாக இருந்தால், மேலே வந்தது வடிவத்தால் வந்ததா நீளத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒப்பீடு நியாயமாக இருக்க வேண்டுமென்றால் நிறை கிட்டத்தட்டச் சமமாக உள்ள சோடியை எடுங்கள். இதைச் செய்யாமல் வந்த முடிவுகளை நான் நம்புவதில்லை.

வேதியியல் வேறுபட்டால் கதை எளிது: மேற்பரப்பு ஆற்றல் குறைந்தது மேலே வரும். பாலிஸ்டைரீனுக்கு அது சதுர மீட்டருக்குச் சுமார் 40 மில்லிஜூல், சிலிகோனுக்குச் சுமார் 20. சிலிகோன் கொஞ்சம் இருந்தாலும் மேலே ஏறிவிடும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், கடைசிக் கேள்வியில் தேவைப்படும்.

வாங்கிய பொருள் உண்மையிலேயே கிளைத்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

புட்டியின் லேபிளை மட்டும் நம்பாதீர்கள். ஜெல் குரோமடோகிராஃபியில் மூலக்கூறு அதன் நிறைப்படி பிரியாது, கரைசலில் அது அடைக்கும் இடத்தின்படிதான் பிரியும். நட்சத்திரம் சுருங்கியிருப்பதால் தாமதமாக வெளியே வரும். நேர்ச்சங்கிலித் தரத்தை வைத்துக் கணக்கிட்டால் உண்மையைவிடக் குறைந்த நிறையே கிடைக்கும். பல கோண ஒளிச்சிதறல் உணரியும் பாகுநிலை உணரியும் உள்ள கருவியில் ஓட்டினால் உண்மை நிறையும் சுருக்கமும் சேர்ந்தே தெரியும். வரைபடத்தில் பெரிய முகட்டுக்கு வலப்பக்கம் சின்ன மேடு இருக்கிறதா பாருங்கள். மையத்தோடு சேராமல் மிச்சமான தனிக் கைகள் அவை. அவற்றைப் பின்னப்படுத்தி (அளவுவாரியாகப் பிரித்து) நீக்காவிட்டால் மேற்பரப்புக்கு முதலில் ஓடுவது அவைதான்.

கரைசலை எப்படித் தயாரிப்பது?

இரண்டு பொடியையும் ஒரே புட்டியில் நிறுத்துப் போடும் பழக்கம் வேண்டாம். 2 சதவீதத்தில் 5 கிராம் கரைசல் வேண்டுமென்றால் மொத்தப் பாலிமர் 100 மில்லிகிராம். அதில் நட்சத்திரம் 20 மில்லிகிராம்தான். அதில் ஒரு மில்லிகிராம் தவறினால் 5 சதவீதப் பிழை. அதற்குப் பதில் இரண்டையும் தனித்தனியே 2 சதவீதக் கரைசலாகச் செய்து, ஒன்றிலிருந்து 1 கிராம், மற்றதிலிருந்து 4 கிராம் என்று எடையாகவே கலந்துகொள்ளுங்கள். அதே இரண்டு புட்டிகளிலிருந்து 10:90, 50:50 எல்லாம் செய்துகொள்ளலாம்.

கரைப்பானுக்கு டொலுயீன் நல்லது. 110 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், நிதானமாக ஆவியாகும், படலம் சமமாக வரும். குளோரோஃபார்ம் 61 டிகிரியிலேயே கொதிப்பதால் அவசரமாக ஓடிப்போகும். போகிற வேகத்தில் மேற்பரப்பைக் குளிரவைத்து, காற்றின் ஈரத்தை நுண்துளிகளாகப் படியவைத்து, படலம் முழுக்கக் குழிகளை விட்டுச்செல்லும்.

ஓர் இரவு மெதுவாகக் கலக்கவிடுங்கள். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த உடனே கரைந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். காலையில் 0.2 அல்லது 0.45 மைக்ரான் டெஃப்லான் வடிகட்டி வழியே விடுங்கள். வடிகட்டும்போது சிரிஞ்சைக் கடினமாக அழுத்த வேண்டியிருந்தால் அது ஒரு தகவல்: கரையாத ஜெல் இருக்கிறது. மீக்கிளைத்த பாலிமரில் இது அடிக்கடி நடக்கும்.

வேஃபரைச் சுத்தம் செய்ய பிரான்ஹா கரைசல் கட்டாயமா?

கட்டாயமில்லை. புற ஊதா ஓசோன் கருவி இருந்தால் 15, 20 நிமிடம் போதும். 185, 254 நானோமீட்டர் ஒளி சேர்ந்து மேலே ஒட்டிய கரிமப் பொருளை எரித்துவிடும். பிரான்ஹா என்பது அடர் கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும், வழக்கமாக 3-க்கு 1. அமிலத்தில்தான் பெராக்சைடை மெதுவாக ஊற்ற வேண்டும். தானாகவே கொதிக்கும் அளவுக்குச் சூடாகும். அசிட்டோன் ஒரு துளி பட்டாலும் வெடிக்கலாம். மூடிய புட்டியில் சேர்த்துவைத்தால் வாயு அழுத்தத்தில் புட்டியே வெடிக்கும். பழகியவர் பக்கத்தில் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

எந்த முறையானாலும் வேஃபரின் மேல் 1.5 முதல் 2 நானோமீட்டர் இயற்கை ஆக்சைடு இருக்கும். படலம் போடுவதற்கு முன் அதை எலிப்சோமீட்டரில் (ஒளியைப் பட்டுத் திரும்பவைத்துத் தடிமனை அளக்கும் கருவி) அளந்து குறித்துவையுங்கள்.

ஸ்பின் கோட்டிங்கில் (வேஃபரைச் சுழற்றிப் படலம் போடும் முறை) தடிமனை எப்படிக் கட்டுப்படுத்துவது?

இரண்டு பிடிகள் இருக்கின்றன: கரைசலின் அடர்வும் சுழற்சி வேகமும். அடர்வு பெரிய பிடி. வேகம் நுண்ணிய பிடி. தடிமன் வேகத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். நிமிடத்துக்கு 2,000 சுற்றில் 100 நானோமீட்டர் வந்தால் 4,000 சுற்றில் 70 வரும், 50 அல்ல.

வேஃபரை வெற்றிடப் பிடியில் நடுவாக வைத்து, முழுப் பரப்பும் நனையும்படி கரைசலை விட்டு, உடனே சுழற்றுங்கள். விட்டுவிட்டு யோசித்துக்கொண்டு நின்றால் விளிம்பு உலரத் தொடங்கிவிடும். சுழலத் தொடங்கியதும் கண்ணை எடுக்காதீர்கள். முதலில் திரவம் விளிம்பிலிருந்து தெறிக்கும். அப்புறம் சில நொடிகளுக்கு நிறங்கள் உள்ளிருந்து வெளியே வளையம் வளையமாக ஓடும்: பச்சை, இளஞ்சிவப்பு, மஞ்சள், மறுபடி நீலம். படலம் மெலிய மெலிய ஒளிக் குறுக்கீடு மாறிக்கொண்டே போவதால் வரும் நிறங்கள் அவை. சட்டென்று நிறம் நிலைத்துவிடும். அந்த நொடியில் படலம் கண்ணாடி போல இறுகிவிட்டது, கரைப்பான் பெரும்பகுதி போய்விட்டது. சிலிக்கான் மேல் பாலிஸ்டைரீன் 50 நானோமீட்டர் அருகே பழுப்பாகவும், 100-ஐ நெருங்கும்போது ஊதா கலந்த நீலமாகவும் தெரியும். சில வாரம் பழகினால் கருவிக்குப் போகும் முன்பே தடிமனை ஏறத்தாழச் சொல்லிவிடலாம்.

நட்சத்திரத்தின் பங்கு கூடக் கூட, அதே அடர்வில் அதே வேகத்தில் படலம் மெலிந்துகொண்டே போகும். சுருங்கிய மூலக்கூறு கரைசலின் பாகுநிலையை அவ்வளவு உயர்த்துவதில்லை. எல்லாக் கலவையும் ஒரே தடிமனில் வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் வேகத்தைத் தனியே சரிசெய்ய வேண்டும்.

படலத்தில் வால் நட்சத்திரம் போலக் கோடுகள் வருகின்றனவே?

தூசு. கரைசலை மறுபடி வடிகட்டுங்கள், வேஃபரை நைட்ரஜனால் ஊதுங்கள். ஆரக்கால் போலச் சமமான வரிகள் வந்தால் அது ஆவியாகும்போது ஏற்படும் பரப்பு இழுவிசை வேறுபாட்டால். கொதிநிலை கூடிய கரைப்பானுக்கு மாறுங்கள்.

எவ்வளவு நேரம் அனீல் செய்ய வேண்டும்?

சுழற்றி எடுத்த படலம் அவசரத்தில் உறைந்த ஒன்று. மூலக்கூறுகள் தங்களுக்கு வசதியான இடத்துக்கு இன்னும் போகவில்லை. கரைப்பானும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். பாலிஸ்டைரீன் சுமார் 100 டிகிரியில் இளகத் தொடங்கும், ஆகவே 150 டிகிரியை ஒட்டி, வெற்றிடத்தில் வைக்கிறோம். காற்றில் வைத்தால் ஆக்சிஜன் சங்கிலியைத் தாக்கும், மேற்பரப்பிலிருந்துதான் தொடங்கும். நாம் அளக்க நினைப்பதே அந்த இடத்தைத்தான்.

நேரம் எவ்வளவு என்பது கையின் நீளத்தைப் பொறுத்தது. நேர்ச்சங்கிலி பின்னல்களுக்கு நடுவே பாம்பு போலத் தன் நீளத்தில் ஊர்ந்து வெளியேறும். நிறை இரட்டிப்பானால் அதற்கு ஆகும் நேரம் சுமார் 10 மடங்காகும். நட்சத்திரத்தால் அப்படி ஊர முடியாது. மையத்தில் கட்டிப்போட்டிருப்பதால், ஒவ்வொரு கையும் தன்னை முழுக்கப் பின்னுக்கு இழுத்து, மறுபடி வேறு வழியில் நீட்ட வேண்டும். அப்படி முழுக்க இழுபடுவது அரிது. கையின் நீளம் கூடும்போது நேரம் அடுக்குக்குறியாக எகிறும். பின்னலே இல்லாத குட்டைக் கைகளுக்குச் சில மணி நேரம் தாராளம். நீளக் கை என்றால் நாள் கணக்கு.

போதுமா என்று தெரிந்துகொள்ள நம்பகமான வழி ஒன்றுதான்: ஒரே கலவையில் மூன்று படலம் போட்டு மூன்று வெவ்வேறு நேரம் வைத்து, மேற்பரப்பை அளந்து, கடைசி இரண்டும் ஒன்றாக வருகின்றனவா என்று பாருங்கள்.

அனீல் செய்தபின் படலம் முழுக்க வட்ட வட்டமாகத் துளைகள்!

படலம் வேஃபரை விட்டு விலகிச் சுருண்டுகொள்கிறது. மெல்லிய படலத்தில், அதுவும் 50 நானோமீட்டருக்குக் கீழே, இது சகஜம். துளை ஒவ்வொன்றும் தூசியிலோ மிச்சக் கரைப்பானிலோ தொடங்கி, விளிம்பில் மேடு கட்டிக்கொண்டு விரியும். பக்கத்துத் துளைகள் முட்டிக்கொள்ளும்போது மேடுகள் நூலாகி, நூல்கள் துளிகளாக உடையும். நுண்ணோக்கியில் ஒருமுறை பார்த்தால் மறக்காது.

பாலிஸ்டைரீன் படலத்தில் கொஞ்சம் டெண்ட்ரிமர் சேர்த்தால் இந்தச் சுருளல் தடுக்கப்படுவதை அளந்து காட்டியிருக்கிறார்கள். கிளைத்தது வேஃபரை ஒட்டிய இடத்தில் சேர்ந்து படலத்தைப் பிடித்துவைக்கிறது. ஆகவே ஒரு கலவையில் துளை வந்து இன்னொன்றில் வராவிட்டால் அதைத் தோல்வி என்று தூக்கிப் போடாதீர்கள். அடிப்பக்கம் என்ன நடக்கிறது என்பதற்கு அது ஒரு தடயம்.

தடிமனை எதில் அளப்பது?

முதலில் எலிப்சோமீட்டர். ஒளிவிலகல் எண் பாலிஸ்டைரீனுக்கு 1.59, அக்ரிலிக்குக்கு 1.49. படலம் 20 நானோமீட்டருக்குக் கீழே போனால் தடிமனையும் ஒளிவிலகல் எண்ணையும் சேர்த்துத் தேடாதீர்கள். இரண்டும் ஒன்றை ஒன்று ஈடுகட்டிக்கொண்டு அழகான, தவறான பதிலைத் தரும். எண்ணை நிலையாக வைத்துத் தடிமனை மட்டும் தேடுங்கள்.

எக்ஸ்-கதிர் பிரதிபலிப்பில் கணித மாதிரியே தேவையில்லாமல் ஒரு சரிபார்ப்பு கிடைக்கும். வளைவில் வரும் அலைகளுக்கு இடையிலான தூரத்தை எடுத்து, 2π-ஐ அதால் வகுத்தால் தடிமன். இடைவெளி நானோமீட்டருக்கு 0.126 என்றால் தடிமன் 50 நானோமீட்டர். மூன்றாவது வழி, ஊசியால் ஒரு கீறல் போட்டு அணு விசை நுண்ணோக்கியில் படியின் உயரத்தைப் பார்ப்பது. மூன்றும் ஒத்துப்போனால் நிம்மதி.

வேதியியல் ஒன்றாக இருக்கும்போது மேலே எது இருக்கிறது என்று கருவிக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. எக்ஸ்-கதிருக்கு நட்சத்திரமும் நேர்ச்சங்கிலியும் ஒரே கார்பன், ஒரே ஹைட்ரஜன். அதனால்தான் ஒன்றில் டியூட்டீரியம் போடுகிறோம். நியூட்ரானுக்கு ஹைட்ரஜனின் சிதறல் நீளம் (அணு நியூட்ரானை எப்படிச் சிதறடிக்கிறது என்பதன் அளவு) −3.74 ஃபெம்டோமீட்டர், டியூட்டீரியத்துக்கு +6.67. குறியே மாறிவிடுகிறது. சாதாரண பாலிஸ்டைரீனும் டியூட்டீரியம் போட்டதும் நியூட்ரான் பிரதிபலிப்பில் கறுப்பும் வெள்ளையும் போலத் தனித்தனியாகத் தெரியும். ஆழத்தோடு அளவு எப்படி மாறுகிறது என்பதையும் நானோமீட்டர் நுணுக்கத்தில் சொல்லலாம். அயனிக் கற்றையால் மேலிருந்து சுரண்டி நிறை பார்க்கும் சிம்ஸ் கருவியிலும் டியூட்டீரியம் தனியே தெரியும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. டியூட்டீரியம் போட்ட பாலிஸ்டைரீனுக்கு மேற்பரப்பு ஆற்றல் துளி குறைவு; அது தானாகவே மேலே சேரும் என்று 1980-களின் இறுதியிலேயே அளந்துவிட்டார்கள். அடையாளத்துக்காகப் போட்ட பொட்டே ஆளை நகர்த்திவிடுகிறது! எனவே நட்சத்திரத்தில் டியூட்டீரியம் போட்டு அது மேலே வந்தால், வடிவமா ஐசோடோப்பா என்று தெரியாது. எதிர்ச்சோடியையும் செய்யுங்கள்: நேர்ச்சங்கிலியில் டியூட்டீரியம், நட்சத்திரம் சாதாரணம். அப்போதும் நட்சத்திரமே மேலே வந்தால் வடிவம்தான் காரணம் என்று தைரியமாக எழுதலாம். செலவு இரட்டிப்பாகும், ஆனாலும் இதில் குறுக்குவழி கிடையாது.

பிரதிபலிப்பு வளைவை ஒன்றுக்கு மேற்பட்ட ஆழ வரைபடங்கள் சமமாக விளக்கக்கூடும் என்பதும் நினைவிருக்கட்டும். மேற்பரப்பில் கூடுதல், அடியில் கூடுதல் இரண்டையும் மாற்றி மாற்றிப் பொருத்திப் பாருங்கள். சிம்ஸ் அளவீடு ஒன்று கையில் இருந்தால் எது சரி என்று உடனே தெரிந்துவிடும்.

வேதியியல் வேறுபட்டால்?

அப்போது எக்ஸ்-கதிர் ஒளிமின்னணு நிறமாலையே (எக்ஸ்-கதிர் பட்டு வெளியேறும் எலக்ட்ரான்களின் ஆற்றலை வைத்துத் தனிமங்களைக் கண்டுபிடிப்பது) போதும். நேராகப் பார்த்தால் மேல் 10 நானோமீட்டர் வரை தெரியும். 75 டிகிரி சாய்த்துப் பார்த்தால் 2, 3 நானோமீட்டர்தான். இரண்டு கோணத்திலும் எண்கள் மாறினால் ஆழத்தோடு கலவை மாறுகிறது என்று பொருள். இதற்கு முன்பே நீர்த்துளியின் தொடுகோணத்தைப் பார்த்துவிடலாம்: பாலிஸ்டைரீன் மேல் சுமார் 90 டிகிரி, அக்ரிலிக் மேல் சுமார் 70.

அணு விசை நுண்ணோக்கியின் கட்டப் படத்தில் (தட்டும் ஊசியின் அதிர்வு எவ்வளவு பின்தங்குகிறது என்று காட்டும் படம்) இரண்டு நிறம் தெரிந்தால் இரண்டு பிரிவுகள் என்று எழுதலாமா?

உடனே எழுதாதீர்கள். ஊசி தட்டும் விசையை மாற்றினாலே கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். மேடுபள்ளமும் கட்டப் படத்தில் போலி நிறமாக வரும். எது எது என்று தெரிய, தேர்ந்து கரைக்கும் கரைப்பானில் நனைத்து எடுங்கள். வெதுவெதுப்பான சைக்ளோஹெக்சேன் பாலிஸ்டைரீனைக் கரைக்கும், அக்ரிலிக்கை விட்டுவிடும். அசிட்டிக் அமிலம் நேர் எதிர். நனைப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தைப் படம் எடுத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

கண்ணாடி மாறுநிலை வெப்பநிலையை (பாலிமர் இளகத் தொடங்கும் வெப்பநிலை) டி.எஸ்.சி.யில் (சூடேற்றும்போது பொருள் வாங்கும் வெப்பத்தை அளக்கும் கருவி) பார்க்கலாமா?

சாதாரணக் கருவியில் முடியாது. ஒரு சதுர சென்டிமீட்டரில் 100 நானோமீட்டர் படலம் என்பது வெறும் 10 மைக்ரோகிராம். கருவி கேட்பது மில்லிகிராம் கணக்கில். சூடேற்றிக்கொண்டே எலிப்சோமீட்டரில் தடிமனைப் பாருங்கள். விரிவடையும் கோட்டில் எங்கே முறிவு வருகிறதோ அதுதான் வெப்பநிலை.

வரும் எண் புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டால் பதற வேண்டாம். 1994-ல் கெடி, ஜோன்ஸ், கோரி மூவரும் காட்டியபடி, சிலிக்கான் மேல் நேர்ச்சங்கிலி பாலிஸ்டைரீன் 40 நானோமீட்டருக்குக் கீழே மெலியும்போது இந்த வெப்பநிலை இறங்குகிறது. 10 நானோமீட்டரில் 25 டிகிரி அளவுக்கு. பல குட்டைக் கைகள் உள்ள நட்சத்திரத்தில் இந்தச் சரிவு காணாமல் போவதையும், சில சமயம் எதிர்த்திசையில் ஏறுவதையும் பார்த்திருக்கிறார்கள். கலவையில் இரண்டு போக்கும் மோதும். எனக்கு மிகவும் பிடித்த அளவீடு இது.

படலத்தைப் பெயர்த்து எடுக்க முடியுமா?

முடியும். முதலில் நீரில் கரையும் பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட்டை அடியில் ஓர் அடுக்காகப் போட்டு, அதன் மேல் டொலுயீன் கரைசலைச் சுழற்றுங்கள். ஓரங்களை பிளேடால் கீறிவிட்டு, வேஃபரைச் சாய்வாக நீருக்குள் மெல்ல இறக்கினால் அடி அடுக்கு கரைந்து, படலம் மிதக்கும். அதைச் செம்பு வலையில் ஏந்தி எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குக் கொண்டுபோகலாம்.

நட்சத்திரம் மேற்பரப்பில் சேர்ந்துவிட்டது என்று நினைத்து ஏமாற வாய்ப்பு உண்டா?

உண்டு, நானே ஏமாந்திருக்கிறேன்.

10 சதவீதம் 8 கை நட்சத்திரம் போட்ட கலவை அது. அனீல் செய்த படலத்தின் மேல் நீர்த்துளி 102 டிகிரியில் நின்றது. நேர்ச்சங்கிலி மட்டும் போட்ட படலம் 90 காட்டியது. பியூட்டைல் நுனிகள் எல்லாம் மேலே வந்துவிட்டன, அதனால்தான் நீர் ஒட்டவில்லை என்று விளக்கமும் தயாராகிவிட்டது. மூன்று முறை செய்தும் அதே எண். மகிழ்ச்சியாக வரைபடம்கூடப் போட்டுவிட்டேன்.

ஒளிமின்னணு நிறமாலையில் பார்த்தபோது 102 எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு சின்ன முகடு. சிலிக்கான். வேஃபர் சிலிக்கான்தானே என்று கடந்துபோகத் தோன்றியது. ஆனால் படலம் 100 நானோமீட்டர். அந்தக் கருவி பார்ப்பது மேல் 10-ஐ மட்டும். வேஃபர் தெரியவே கூடாது. தவிர, வேஃபரின் தனிம சிலிக்கான் 99-ஐ ஒட்டி வரும். 102 என்பது சிலிகோனின் முகவரி. சிம்ஸில் போட்டதும் 73, 147 என்று சிலிகோனின் துண்டுகள் வரிசையாக வந்தன.

எங்கிருந்து வந்தது? நட்சத்திரக் கரைசலை வடிகட்டிய நாளில் கண்ணாடி சிரிஞ்ச் உடைந்திருந்ததால், ரப்பர் முனை உள்ள பிளாஸ்டிக் சிரிஞ்சை எடுத்திருந்தேன். ரப்பர் வழுக்கிச் செல்ல உள்ளே தடவியிருக்கும் சிலிகோன் எண்ணெயை டொலுயீன் கழுவிக்கொண்டு வந்துவிட்டது. ஒரே கரைசலிலிருந்து மூன்று முறை படலம் போட்டதால் மூன்று முறையும் ஒரே எண். நேர்ச்சங்கிலிக் கரைசல் முந்தைய வாரம் கண்ணாடியில் வடிகட்டியது, அது தப்பித்துக்கொண்டது.

புதுக் கண்ணாடி சிரிஞ்சில் எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். கலவையின் தொடுகோணம் 91 டிகிரி. 102-ல் முகடு இல்லை. நட்சத்திரம் மேலே சேர்ந்திருந்தது உண்மைதான். ஆனால் அதைப் பிறகு நியூட்ரானில், எதிர்ச்சோடியும் செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது. நீர்த்துளிக்கு அது தெரியவே இல்லை.